இரண்டு விரல்

ஏப்ரலில் அலுதாகுசே காட்டுச் சேறு
எதையும் மறைக்கத் தெரியாதது.
பனி உருகி ஓடும் வாய்க்கால் ஓரத்தில்
அது கிடந்தது:
பின்னால் திண்டுபோல் ஒரு மெத்தை,
முன்னால் இரண்டே விரல்.

கன்றுக்குட்டிக் குளம்பு என்றார் கல்யு.
எந்த மாடு பாலத்தை விட்டுவிட்டுச்
சதுப்பில் இறங்கும் என்று அவரையே கேட்டேன்.
தபால் கொண்டுவரும் சிர்யே
காரை நிறுத்தாமலே சொன்னாள்: நாய்.
ராஸ்முஸ் மட்டும், ஒன்பது வயது,
மண்டியிட்டு மோந்து பார்த்துவிட்டு
"இதுக்கு இன்னும் பேரே வைக்கல" என்றான்.
எனக்கு அது பிடித்திருந்தது.

நான் பல் செய்கிறவள்.
ரக்வெரே மருத்துவர்கள் அனுப்பும் வாய்களை
முகம் பார்க்காமலே அறிந்தவள்.
பட்டறையிலிருந்து ஒரு கிலோ மஞ்சள் பொடி எடுத்துவந்தேன்.
பால் அட்டைப்பெட்டியை வளையமாக வெட்டிச்
சுவட்டைச் சுற்றி நட்டேன்.
வாய்க்கால் தண்ணீரில் பொடி இறுகாது, அத்தனை குளிர்;
குடுவையில் மிஞ்சிய தேநீரில் குழைத்தேன்.
தயிரும் இல்லை, மோரும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம்.
நேராக ஊற்றினால் விரல் கலைந்துவிடும்.
ஓரத்தில் கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து
அதன் முதுகில் வழியவிட்டேன்.

நாற்பது நிமிடம்.
கொசு இன்னும் பிறக்காத காடு.
மரங்கொத்தி ஒன்று தொடங்கித் தொடங்கி நிறுத்தியது.
இறுகும் மாவு சூடாகும்.
கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன்,
குளிருக்காகத்தான்.

இரண்டு நாள் கழித்துப்
பல்செட் தேய்க்கும் தூரிகையால் மண்ணை உதிர்த்தேன்.
பள்ளம் மேடாகியிருந்தது.
மிதி போய், மிதித்த கால் வந்திருந்தது.
நகக்கீறல் இல்லை: நாய் என்பதை அடித்துவிட்டேன்.
மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு: பூனை இனம்.
தீப்பெட்டியைவிட அகலம்: லின்க்ஸ்.
முன் இடது கால்.
ராஸ்முஸுக்கு ஏமாற்றமாக இருக்கும்,
பேர் எப்போதோ வைத்தாயிற்று.

மீதி இரண்டு விரல்?
விளக்கைச் சாய்த்து
அவை இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன்.
ஒரே கோடு.
இருபத்தாறு வருடமாகக் கடிகளைப் பார்க்கிறேன்.
பல் பட்டால் வளையும், கிழியும், பிசிறும்.
எந்த வாயும்
இவ்வளவு நேராகக் கடிக்காது.

வெல்லோவின் விறகுக் கொட்டகையில்
அந்த ஆணி இருந்தது.
பலகையில் துரு வரைந்துவைத்த
தாடை இருந்தது, வில் இருந்தது,
சங்கிலியின் கண்ணிகள்கூட ஒவ்வொன்றாக இருந்தன.
பொறி இல்லை.
அந்தச் சுவட்டுக்கு மாவு தேவைப்படவில்லை.

காப்பி ஊற்றிக்கொண்டே தம்பி கேட்டான்:
"ஊரெல்லாம் அதே பேச்சு. எதுன்னு தெரிஞ்சுதா?"
அவன் மேல்வரிசை நான் செய்தது.
இடது கடைவாயில் அரை மில்லிமீட்டர் உயரம்,
என் பிழை,
பேசத் தயங்கினால் நாக்கு அங்கே போகும்.

"எதுன்னு தெரிஞ்சுது" என்றேன்.
"யாருன்னும்."

நாக்கு போனது.

அச்சை அவன் பார்க்கவில்லை.
கவிழ்த்து வைத்தான், கோப்பைத் தட்டைக் கவிழ்ப்பதுபோல.
அடியில் பென்சிலால் எழுதியிருந்தேன்:
தேதி, இடம், முன் இடது கால்.
கடைசி வரியைக் காலியாக விட்டிருந்தேன்.

டிசம்பரில் விறகுக்கு வந்தபோதும்
ஆணி வெறுமையாகத்தான் இருந்தது.
அன்று நான் விறகை மட்டும் பார்த்தேன்.

படலைச் சாத்தித் திரும்பினேன்.
கொட்டகைக்குப் போனதும் வந்ததுமாய்
முற்றத்துச் சேறு முழுக்க
என் பூட்ஸ்,
இடது, வலது, இடது,
ஒரு விரல்கூடக் குறையாமல்.